கொழும்புக் கூட்டத்துக்கு நேரில் போவதா, வீட்டிலிருந்தே பேசுவதா? வன்னியில் தனியாக ஆலோசனை வேலை செய்பவர்களிடம் ஒரு கேள்வி

பரந்தன்சந்தி எழுதியது:

வணக்கம். நிரந்தர வேலை இல்லாமல், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஆலோசகராக வேலை செய்கிற வன்னிக்காரர் இங்கே பலர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன்.

என் வேலை திட்ட மதிப்பீடு. ஒரு வாழ்வாதாரத் திட்டம் முடிந்த பிறகு அது சனத்துக்கு என்ன செய்தது என்று பார்த்து அறிக்கை கொடுப்பது. இப்போது வருகிற டி.ஓ.ஆர். (வேலை விபரமும் நிபந்தனைகளும் எழுதிய பத்திரம்) எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன. தொடக்கக் கூட்டம் கொழும்பில், நேரில். இடைக்கால விளக்கம் கொழும்பில், நேரில். இறுதி அறிக்கை முன்வைப்பு, அதுவும் கொழும்பில். போக்குவரத்தும் தங்குமிடமும் 'கட்டணத்துக்குள் அடங்கும்' என்று கடைசியில் ஒரு வரி. ஆனால் களநாட்கள் என்று வரும்போது கையை இறுக்கிவிடுகிறார்கள். 'மிச்சத்தைப் போனில் எடுக்கலாம்தானே' என்கிறார்கள்.

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கலாம். குளித்து உடுப்பு மாற்ற ஒரு லொட்ஜ் அறை. கூட்டம் இரண்டு மணித்தியாலம். பிறகு திரும்பவும் இரவு பஸ். வந்து சேர்ந்த அன்று கண் எரியும், ஒரு வேலையும் ஓடாது. அந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

பயணம் தலைகீழாக நடக்கிறது என்பதுதான் என் எண்ணம். அலுவலகக் கூட்டத்தை சூமில் முடிக்கலாம். நேரில் போகவேண்டியது சனத்தைப் பார்க்கத்தான். நீங்கள் பயணச் செலவைத் தனியாக எழுதிக் கேட்கிறீர்களா? கேட்டால் வேலை கைவிட்டுப் போகிறதா?

குளக்கட்டு எழுதியது:

தம்பி, நீர் சொல்வது சரி. நான் நீர்ப்பாசனப் பக்கம். ஓய்வு பெற்ற பிறகு சிறிய குளங்கள், வாய்க்கால் திருத்த வேலைகளுக்கு ஆலோசனை சொல்கிறேன்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் வெள்ளத்தில் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு சேதமான சின்னக் குளங்களைப் பார்க்கச் சொல்லி எனக்கு வேலை வந்தது. கமக்காரர் அமைப்பே கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தது. அதைப் பார்த்துத் திருத்தச் செலவு போட்டுத் தந்தால் போதும் என்றார்கள்.

ஒரு குளத்தின் வீடியோவில் கட்டின் வெளிப்பக்க அடியில் ஈரம் தெரிந்தது. மண் கட்டில் கொஞ்சம் கசிவு இருப்பது வழமைதான். வருகிற தண்ணீர் தெளிவா, கலங்கலா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீடியோவில் அது தெரியாது. வெளிச்சமும் புல்லின் நிறமும் ஏமாற்றும். நேரில் போனேன். கசிகிற இடத்தில் சின்னப் பள்ளம் தோண்டி, ஊறிய தண்ணீர் தெளிய நேரம் கொடுத்து, பிறகு புதிதாக வருகிறதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து நிழலில் வைத்தேன். கட்டைச் சுற்றி நடந்து வந்து பார்த்தால் போத்தலின் அடியில் பூப்போல மண் படிந்திருந்தது. கட்டின் உள்மண் தண்ணீரோடு வெளியே வருகிறது, உள்ளே ஓட்டை ஓடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மேலே எத்தனை லோட் கிரவல் கொட்டினாலும் அந்தக் கட்டு அடுத்த பெரிய மழைக்கு நிற்காது. அந்த இடத்தைத் துருசு (குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் வாயில்) வரைக்கும் வெட்டித் திரும்பக் கட்டவேண்டும். செலவு வேறு, வேலை வேறு, காலமும் வேறு.

மற்றபடி வரைபடம், அளவுப் பட்டியல், ஒப்பந்தக்காரரின் பில் சரிபார்ப்பு எல்லாம் வீட்டு மேசையில்தான். அதற்காக யாராவது என்னைக் கூப்பிட்டால் போகமாட்டேன். கொங்கிறீற் போடுகிற அன்று கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பேன்.

நந்திக்கடல்கரை எழுதியது:

அண்ணா, நான் முல்லைத்தீவு. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், நுண்கடன், சிறுதொழில் பற்றிய ஆய்வு வேலைகள் செய்கிறேன். இரண்டு பக்கமும் சொல்ல எனக்கு இருக்கிறது.

முதலில், வீட்டிலிருந்து வேலை செய்யும் வழி வந்திருக்காவிட்டால் நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாரும் சூமுக்கு மாறும் வரைக்கும், 'கொழும்புக்கு வந்து போக முடியுமா' என்பதுதான் என்னிடம் முதலில் கேட்கும் கேள்வி. சின்னப் பிள்ளையும் வயதான அம்மாவும் உள்ள வீட்டில் அதற்கு 'ஓம்' சொல்வது லேசில்லை. இரவு பஸ்ஸில் தனியாகப் போகிற பெண்ணுக்கு ரிக்கெற் காசு மட்டுமா செலவு? விடியாத நேரத்தில் இறங்கினால் ஓட்டோ, நம்பிக்கையான தங்குமிடம், போய்ச் சேரும்வரை வீட்டில் இருப்பவர்களின் பதற்றம் எல்லாம் அதற்குள் அடக்கம். என்னைவிட அனுபவம் குறைந்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள் என்பதற்காகவே எனக்கு மேலே போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதவைத் திறந்தது கணினித் திரைதான். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் சனத்திடம் பேசுவதைப் போனுக்கு மாற்றுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நுண்கடன் எடுத்த ஒரு பெண்ணுக்குத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் என்ன செய்வாள்? கடன் வசூலிக்க எடுக்கிறார்கள் என்று நினைத்து வெட்டிவிடுவாள். எடுத்தாலும் பக்கத்தில் மாமியார் இருப்பார், மகன் இருப்பான். பல வீடுகளில் போனே ஒன்றுதான். 'கடன் ஏதும் இருக்கிறதா அக்கா' என்றால் 'இல்லைத் தங்கச்சி' என்று ஒரு சொல். அதே வீட்டுக்கு நேரில் போய்த் திண்ணையில் இருந்து, முதலில் கோழிக்கூட்டைப் பற்றிப் பேசி, அவர் கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்கும்போது உள்ளே போய் ஒரு சொப்பிங் பையை எடுத்துவருவார். அதற்குள் நான்கைந்து கொம்பனிகளின் கடன் அட்டைகள் இருக்கும். ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்தது. எந்தத் திகதிக்கு எது என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தபோது, யார் உள்ளே யார் வெளியே என்று குழம்பிப்போய் இருந்தவர்களிடம் போனில் பேசி ஒன்றும் விளங்கியிருக்காது.

கொழும்பில் மூன்று கூட்டத்துக்கு இருக்கிற காசில் ஒன்றையாவது களநாட்களாக மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்பது வழக்கம். சில இடங்களில் சம்மதித்திருக்கிறார்கள்.

மாங்குளத்தான் எழுதியது:

நந்திக்கடல்கரை அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு.

வெள்ளவத்தைவன்னியான் எழுதியது:

கொஞ்சம் எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். நான் மல்லாவியில் பிறந்தவன், இப்போது கொழும்பில் இருந்து ஆலோசனை வேலை செய்கிறேன். எனக்கு வந்த நல்ல வேலைகளில் பெரும்பாலானவை விளம்பரத்தில் வந்தவை இல்லை. ஒரு கூட்டம் முடிந்து வெளியே தேநீர் குடிக்கும்போது, 'அடுத்த வருஷம் ஒரு வேலை இருக்கிறது, உங்களுக்கு நேரம் இருக்குமா' என்று கேட்டு வந்தவை. சூம் கூட்டத்தில் அந்தத் தேநீர் இல்லை. 'நன்றி, வணக்கம்' என்றதும் திரை மூடிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அறிக்கையில் கசப்பான விஷயம் இருந்தால் அதை நேரில் சொல்வதுதான் நல்லது. உங்கள் திட்டத்தில் கொடுத்த தையல் இயந்திரங்களில் பாதி மூலையில் கிடக்கிறது என்று மின்னஞ்சலில் எழுதினால் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். எதிரில் இருந்து, படங்களைக் காட்டி, அவர்கள் முகம் மாறும்போது கொஞ்சம் நிறுத்தி விளக்கினால் ஏற்றுக்கொள்வார்கள். இறுதி முன்வைப்பை நான் சூமில் செய்யவே மாட்டேன்.

ஆகவே பரந்தன்சந்தி, மூன்றையும் தள்ளாதீர்கள். கடைசியை விடாதீர்கள்.

பரந்தன்சந்தி எழுதியது:

அண்ணா, உங்கள் கதையில் நியாயம் இருக்கிறது, முக்கியமாக அந்தக் கசப்பான விஷயம். ஆனால் வெள்ளவத்தையில் இருப்பவருக்கு அந்தத் தேநீர் கால்மணி நேர ஓட்டோ. எனக்கு அது ஒரு இரவும் ஒரு பகலும். அந்த உறவு தொழிலுக்குத் தேவை என்றால் அதன் செலவை இரண்டு பக்கமும் பங்குபோட வேண்டும். கூப்பிடுகிறவர் ஒரு சதம்கூடக் கொடுக்காமல் 'முகத்தைக் காட்டுங்கள்' என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அதோடு ஒரு கேள்வி. அவர்கள் ஏன் இங்கே வரக்கூடாது? இறுதி முன்வைப்பைக் கிளிநொச்சியில் வைத்தால் பிரதேச செயலகத்திலிருந்து ஆள் வரும், கூட்டுறவுச் சங்கத்துத் தலைவர் வருவார், திட்டத்தில் இருந்த பெண்களே வந்து இருப்பார்கள். அவர்களைப் பற்றிய அறிக்கையை அவர்கள் இல்லாத அறையில் 330 கிலோமீற்றர் தள்ளி வைத்து வாசிக்கிறோம்.

வெள்ளவத்தைவன்னியான் எழுதியது:

இதை மறுக்கமாட்டேன். நல்ல யோசனை. கேட்டுப் பாருங்கள், ஆண்டுத் திட்டம் போடும் காலத்திலேயே கேட்கவேண்டும். பிறகு கேட்டால் 'பட்ஜெற் இல்லை' என்பார்கள்.

வவுனியாக்கோடு எழுதியது:

நான் உங்கள் துறை இல்லை. வவுனியாவில் இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் ஆலோசனை செய்கிறேன். என்னை நேரில் வரச்சொல்லி யாரும் கேட்டதில்லை. வாடிக்கையாளரின் முகத்தைத் திரையில் மட்டும்தான் தெரியும். எனவே பயணம் இல்லாத வேலையின் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

மின்சாரமும் இணையமும்தான் என் பஸ்ஸும் ரிக்கெற்றும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் வேலையைத் தக்கவைக்கப் பட்டபாடு கொஞ்சமில்லை. இப்போதும் ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கத் தொடங்கினால் முதலில் ரவுட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. பற்றரி, இன்வேர்ட்டர், இரண்டு வேறு கொம்பனி சிம். இதெல்லாம் தொழில் செலவு. பயணம் செய்பவர் பஸ் காசை எழுதுவதுபோல நாங்களும் இதைக் கட்டணத்தில் ஏற்றவேண்டும். பலர் ஏற்றுவதில்லை.

பேபாலில் பணம் பெற இங்கே நீண்டகாலமாக வழியில்லை, நான் பயோனியர் என்ற இன்னொரு பணப்பரிமாற்றச் சேவையைப் பாவிக்கிறேன். 2025 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டுக்குச் செய்யும் சேவையின் வருமானத்துக்கும் 15 வீதம் வரை வரி இருக்கிறது, அதற்கு முன் விலக்கு இருந்தது. பழைய விலையிலேயே இன்னும் வேலை எடுப்பவர்கள் கவனியுங்கள்.

நெடுங்கேணிமேடு எழுதியது:

வவுனியா ரவுன், கிளிநொச்சி ரவுன் என்றால் சரி தம்பி. உள்ளே வந்து பாரும். எங்கள் பக்கம் சில இடங்களில் மதகில் ஏறி நின்றால்தான் சிக்னல். வீட்டிலிருந்து வேலை என்று சொல்கிறார்கள், அதற்கு முதலில் வீட்டுக்குள் சிக்னல் வரவேண்டும். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் தொடங்கியது. ஆனால் தனியாளாக அதை வாங்கி மாதாமாதம் கட்டுவது எங்களைப் போன்றவர்களுக்குக் கஷ்டம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு இடத்தை எடுத்து அங்கே பூட்டினால் நடக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு பல இடங்களில் பாதையும் இல்லை, தொடர்பும் இல்லை. அந்த நேரத்தில் நேரில் போவதா வீட்டிலிருந்தா என்ற கேள்விக்கே இடமில்லை. ஒப்பந்தத்தில் காலக்கெடு எழுதும்போது மாரி மாதங்களுக்கு இடம்விட்டு எழுதுங்கள். கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்குக் கார்த்திகை எங்களுக்கு என்ன மாதம் என்று தெரியாது.

துணுக்காய்ப்பெடியன் எழுதியது:

நான் ஆலோசகர் இல்லை, தரவு சேகரிக்கிறவன். இந்தக் கதையில் எங்கள் பகுதியையும் சொல்லவேண்டும் என்று பட்டது.

கொரோனாவுக்குப் பிறகு கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற ஆலோசகர்கள் வன்னிக்கு வராமலே வன்னியைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கேள்விகளைக் கோபோ டூல்பொக்ஸ் என்ற தரவு சேகரிக்கும் செயலியில் போட்டு அனுப்புவார்கள். நாங்கள் ரப்லெட்டைக் கொண்டு வீடுவீடாகப் போவோம். சிக்னல் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி வைத்து, சந்திக்கு வந்து அனுப்பலாம், அது நல்ல வசதி. ஆனால் கேள்வி யாரோ எழுதியது. ஒருமுறை 'கடந்த பன்னிரண்டு மாதத்தில் உங்கள் மாத வருமானம்' என்று ஒரு கட்டம். கமம் செய்கிற வீட்டில் மாத வருமானம் எங்கே இருக்கிறது? காலபோகம் வெட்டினால் காசு, சிறுபோகம் தண்ணீர் இருந்தால் காசு, இடையில் கூலி. இதைத் தொலைபேசியில் சொன்னேன். 'பரவாயில்லை, ஒரு எண் போடுங்கள்' என்று பதில் வந்தது. அந்த எண் கடைசியில் ஒரு வரைபடமாக அறிக்கையில் வந்தது. எங்கள் பெயர் எங்கும் இல்லை. நாங்கள் சொன்ன ஆட்சேபமும் இல்லை.

எனவே வீட்டிலிருந்து வேலை செய்கிற ஆலோசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வராவிட்டால் போகிறவனின் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். கேள்வித்தாளை முடிவாக்க முதல் எங்களோடு அரைநாள் இருங்கள், சூமில் என்றாலும் பரவாயில்லை.

குளக்கட்டு எழுதியது:

பெடியன் சொன்னதைத் திரும்பவும் வாசியுங்கள். இந்த இழையில் இதுவரை வந்ததில் கனமான பேச்சு இதுதான். தம்பி, உம்முடைய பெயர் அறிக்கையில் வரவேண்டும் என்று வேலை தொடங்க முதலே எழுத்தில் கேளும். கேட்பதில் தப்பில்லை.

நந்திக்கடல்கரை எழுதியது:

என் அறிக்கைகளில் தரவு சேகரித்தவர்களின் பெயரை உள் அட்டையிலேயே போடுகிறேன். பயிற்சி நாளுக்கும் அவர்களுக்கு நாட்சம்பளம் எழுதுகிறேன். வெட்டச் சொன்னால் விடுவதில்லை.

கணக்குப்புத்தகம் எழுதியது:

கணக்கு, வரி பார்ப்பவன் என்ற முறையில் பரந்தன்சந்தியின் முதல் கேள்விக்கு வருகிறேன், அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பயணத்தைக் கட்டணத்துக்குள் புதைத்தால் இரண்டு இடத்தில் நட்டம். ஒன்று, உங்கள் நாட்கட்டணம் வெளியே பெரிதாகத் தெரியும், கையில் சின்னதாக வரும். விலை கேட்கும்போது 'இவர் கூடக் கேட்கிறார்' என்று தள்ளிவிடுவார்கள். கொழும்புக்காரர் அதே கட்டணத்தைக் குறைத்துக் கேட்டும் கூட இலாபம் பார்ப்பார். இரண்டு, 2023 ஜனவரியிலிருந்து ஆலோசகர் போன்றவர்களுக்குச் சேவைக் கட்டணம் மாதம் ஒரு இலட்சத்தைத் தாண்டினால் 5 வீதத்தை வரியாகப் பிடித்து நிறுத்திவைக்கிறார்கள். பஸ் காசையும் லொட்ஜ் காசையும் கட்டணம் என்று ஒரே வரியில் எழுதினால் அந்த 5 வீதம் முழுத் தொகையிலும் விழும். பயணத்தை வேறு வரியாக, பில்லோடு, உண்மைச் செலவாக எழுதுங்கள். அதை எப்படிக் கையாளுவார்கள் என்று ஒப்பந்தம் போட முதலே அவர்களின் கணக்குப் பகுதியிடம் கேளுங்கள்.

நிறுத்திவைத்த வரிக்குச் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள். நவம்பர் 30க்குள் கொடுக்கும் வருமான வரி விபரத்திரட்டில் அதைக் கழித்துக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் தொடங்கி ஆண்டுக்கு 18 இலட்சம் வரை தனிநபர் நிவாரணம் (அதுவரை வருமான வரி இல்லை) இருப்பதால், எங்களில் பலருக்கு அந்தக் காசு திரும்பி வரவேண்டிய காசு. சான்றிதழ் இல்லாவிட்டால் போனது போனதுதான்.

பயண நாள் என்பது வேறு கதை. பஸ்ஸில் இருக்கிற நேரத்தில் வேறு வேலை செய்ய முடியாது என்பதால், அதற்கு நாட்கட்டணத்தில் பாதி கேட்பது பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. கேட்பவருக்குக் கிடைக்கிறது.

பரந்தன்சந்தி எழுதியது:

கணக்குப்புத்தகம், மிக்க நன்றி. இப்போது ஒரு புதிய வேலைக்கு விலை அனுப்ப இருக்கிறேன். உங்கள் எல்லோருடைய பேச்சையும் வைத்து இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

'தொடக்கக் கூட்டமும் இடைக்கால விளக்கமும் இணையவழி நடைபெறும். இறுதி முன்வைப்பு நேரில் நடைபெறும். திட்டப் பயனாளிகளும் கலந்துகொள்ளக்கூடியதாகக் கிளிநொச்சியில் வைப்பதை ஆலோசகர் பரிந்துரைக்கிறார். கொழும்பில் வைத்தால் போக்குவரத்தும் ஓர் இரவு தங்குமிடமும் உண்மைச் செலவின்படி தனியாகச் செலுத்தப்படும். பயண நாளுக்கு நாட்கட்டணத்தின் அரைவாசி. பயனாளிகளுடனான நேர்காணல்கள் அனைத்தும் நேரில் நடைபெறும். கேள்வித்தாள் முடிவாக முன் தரவு சேகரிப்பாளர்களுடன் அரைநாள் கலந்துரையாடல் உண்டு. அவர்களின் பெயர்கள் அறிக்கையில் இடம்பெறும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான கள வேலைகளுக்கு, மழையால் பாதை தடைப்பட்டால் காலநீடிப்பு வழங்கப்படும்.'

வெள்ளவத்தைவன்னியான் எழுதியது:

நன்றாக இருக்கிறது. 'பரிந்துரைக்கிறார்' என்பதோடு விடாமல் மண்டபச் செலவையும் போட்டு அனுப்புங்கள். அவர்கள் கொழும்பு ஹோட்டல் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அப்போது தானாக விளங்கும்.

நந்திக்கடல்கரை எழுதியது:

அண்ணா, ஒன்று விடுபட்டிருக்கிறது. 'கள வேலைகள் மாலை ஐந்து மணிக்குள் முடிக்கப்படும்' என்று சேருங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டால் யானை பாதைக்கு வரும். தரவு சேகரிக்கும் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில்தான் திரும்புகிறார்கள், அவர்களில் பெண்பிள்ளைகளும் உண்டு. இதை எழுதாவிட்டால் 'ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்கவேண்டும்' என்ற கணக்கு அவர்களை இருட்டில் நிறுத்திவிடும்.

துணுக்காய்ப்பெடியன் எழுதியது:

அக்கா சொன்னதைக் கட்டாயம் போடுங்கள் அண்ணா.

பரந்தன்சந்தி எழுதியது:

போட்டுவிட்டேன். ஒரு நாளைக்கான வீடுகளின் எண்ணிக்கையையும் அதற்கேற்றபடி குறைத்திருக்கிறேன், களநாட்கள் கூடும். மண்டபத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் விலை கேட்டிருக்கிறேன், வந்ததும் சேர்த்து அனுப்புகிறேன். என்ன பதில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.